துட்டு என்னாச்சு?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் முதன்முதலில் எழுதிய கிறிஸ்தவ சபைக் கதையைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அசனம் என்ற சபை விருந்துக்கென்று சேர்த்த பணத்தோடு ஓடிப்போன ஒருவன், ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். ஞாயிறு ஆராதனை நடுவில் முழங்காலில் விழுகிறான். சபைப் போதகரான ஐயர் அழுகிறார், சபையே அழுகிறது, கோயில் மணி அடிக்கிறது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டாள்: "எல்லாம் சரிதாம்ல. துட்டு என்னாச்சு?"

நம் கிறிஸ்தவக் கதைகள் பலவும் கண்டுகொள்ளாமல் போகிற கேள்வி இது. பாவி அழுதானா, அடுத்த வரியில் கிருபை வந்துவிடும். டவுன் பஸ்கூட அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. யாருக்கு நஷ்டமோ அவர் கதைக்குள்ளேயே இருக்க மாட்டார்.

ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் அவர் அடுத்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். முதலூரை எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்ததற்காக அடிபட்டு, வீடு இழந்தவர்களுக்கு அடைக்கலமாக 1799இல் உண்டான ஊர். அதன் வழியில் பிறகு இன்னும் சில ஊர்கள் எழுந்தன. அப்படிப்பட்ட ஊரில் பாதிப்பேர் மாமன் மச்சான். ஏமாற்றியவன் வீட்டுக் கல்யாண அறிவிப்பான ஓலையை ஐயர் கோயிலில் வாசிக்கும்போது, ஏமாந்தவரும் கேட்டுக்கொண்டு இருந்தாக வேண்டும்.

"எப்படி இருக்கீங்க?" என்றால் "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கோம்" என்போம். சொல்லிச் சொல்லி 'கிருபை' என்ற வார்த்தை தேய்ந்துவிட்டது. அதன் கனம் தெரிய வேண்டுமானால் பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். கெட்ட குமாரன் கதை என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதான். அப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்த இளையவன் திரும்பி வந்தான், கொழுத்த கன்றை அடித்தார்கள் என்பதோடு நமக்குக் கதை முடிந்துவிடும். இயேசு அங்கே முடிக்கவில்லை. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், பாட்டுச் சத்தம் கேட்கிறது, வேலைக்காரனை விசாரிக்கிறான், கோபத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறான். எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்று தகப்பனிடம் கணக்குக் கேட்கிறான். அப்பன் வெளியே வந்து அவனை 'வருந்தியழைத்தான்' என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. அருமையான சொல். பிறகு மூத்தவன் உள்ளே போனானா? வேதத்தில் பதில் இல்லை.

என் கதையை அந்த வாசலிலிருந்து திருப்பி எழுதினேன். முழங்கால், மணி இரண்டையும் எடுத்துவிட்டேன். அசனத்தன்று நடப்பதாக வைத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அசனம் என்றால் சபையே கூடிச் சமைத்து, ஏழை பணக்காரன் பார்க்காமல் ஒரே பந்தியில் உண்கிற விருந்து. முந்தின ராத்திரியே அண்டாக்கள் அடுப்பேறிவிடும். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் ஊர் எல்லை வரை போகும்.

கதையில் ஒரு விதவை. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு, அதைக் காணிக்கையாகக் கொடுத்தவள். ஓடிப்போனவன் கொண்டுபோனதில் அந்த அரிசி விற்ற காசும் உண்டு. இப்போது குழம்பு வாளியோடு பந்தியில் வருகிறாள். கடைசி இலையில் அவன், தலையைக் குனிந்தபடி. முன்னிருந்த இலை வரை அவள் கரண்டி தாராளமாக விழுகிறது. அவன் இலைக்கு முன்னால் நிற்கிறாள். கரண்டி வாளிக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் யாரோ, "யக்கா, நகருங்க" என்கிறார்கள். அவள் நகரவில்லை.

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதையும் பெரியம்மாவிடம்தான் முதலில் வாசித்தேன். இந்த முறை துட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆறிப்போகும்லா," என்றாள்.