அடைமழையில் கிழக்குக்கரைக்குக் காடி ஓட்டிப் போகலாமா?

வணக்கம் நேயர்களே.

இந்த மாதம் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் சிலர் ராணுவப் பயிற்சிக்காகக் கிளந்தான் போகிறார்கள். உத்தரவுக் கடிதம் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பஸ்ஸில் போவதா, காடியை எடுத்துக்கொண்டு போவதா?" என்பதுதான். ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் லோரி ஓட்டி ஓய்வு பெற்று, இங்கே சுங்கை சிப்புட்டில் குடியிருப்பவன் நான். இதைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் அழைத்தபோது உடனே சரி என்றேன். பிள்ளைகள் மீதுள்ள அக்கறைதான் காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை, தனியாக, இரவு நேரத்தில், சொந்தக் காடியில், கிளந்தானுக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும் மலையைத் தாண்ட வேண்டாம். முகாமில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாளே, பகலில், துணையோடு கிளம்புவதானால் யோசிக்கலாம். அந்த யோசனையும் வீட்டில் உட்கார்ந்து நடக்க வேண்டும். மலைச்சாலையில் தெமெங்கோர் ஏரிமேல் உள்ள பண்டிங் பாலத்தைத் தாண்டிய பிறகு யோசிக்க ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும்.

இங்கிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகக் கோத்தா பாருவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். கிரிக் வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. கிரிக்கிலிருந்து ஜெலி வரையிலான கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலைதான் கவனிக்க வேண்டிய பகுதி. 100 கிலோமீட்டருக்கும் கூடுதலாகக் காடும் மலையும். கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் மிரட்டலுக்கு நடுவே, ராணுவக் காவலோடு கட்டி, 1982இல் திறந்த சாலை அது. தெமெங்கோர் ஏரியைக் கடந்து, தித்திவங்சா மலைத்தொடரின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. மலைச்சரிவை வெட்டித்தான் அந்தச் சாலையைப் போட்டிருக்கிறார்கள். நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தால் மண் நீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். அப்புறம் மேலே உள்ள மண் சாலையில் வந்து விழும், அல்லது சாலையின் ஓரமே பெயர்ந்து கீழே போய்விடும். இரண்டையும் இரவில் பார்த்து நிறுத்துவது கடினம். மேட்டுப்பகுதியில் பனிமூட்டம் வேறு. பெரிய லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அங்கே தரையைப் பார்த்து விழும் தாழ்வான லைட்டும் மெதுவான வேகமும்தான் உதவும்.

யானைகளையும் சொல்ல வேண்டும். சாலையோரப் புல்லை மேய அவை இறங்கி வருகின்றன. அந்த உடம்பின் நிறம் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், படம் பிடிக்க இறங்காதீர்கள். பாதுகாப்பாகப் பின்னால் நகர முடிந்தால் நகர்ந்து, அது போகும்வரை காத்திருங்கள்.

2025 ஜூன் 9 அதிகாலையில், ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களின் பஸ் இதே சாலையில் பண்டிங் அருகே கவிழ்ந்தது. 15 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அது அடைமழைக் காலமும் இல்லை. அந்தப் பெற்றோர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

பனி கொட்டும் நாடுகளில் இருக்கும் சிப்பாய்களுக்கும் இதே கேள்விதான் வருகிறது. அங்கே குளிர்காலத்துக்கென்று டயரையே மாற்றுகிறார்கள். ஜெர்மனியில் பனிச் சாலையில் ஓட்ட அது சட்டக் கட்டாயம். நமக்கு அப்படித் தனி டயர் வேண்டியதில்லை. ஆனால் இருக்கிற டயரில் பூ, அதாவது சாலையைப் பிடிக்கும் பள்ளக்கோடுகள், தேயாமல் இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு 1.6 மில்லிமீட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. கிழக்குக்கரை மழைக்கு 3 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது என்பது என் எண்ணம். பூ தேய்ந்த டயர் தண்ணீரை ஒதுக்காது, தண்ணீர் மேலேயே மிதந்து ஓடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டதுபோல் தெரிந்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். டயர் மறுபடி சாலையைப் பிடிக்கும்.

மலை இறங்கினால் கவலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஜெலிக்குப் பிறகு வெள்ளம் காத்திருக்கலாம். 2014 டிசம்பரில் கோலக்கிராய், குவா மூசாங் பக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கோலக்கிராயில் ஆற்றுமட்டம் அளக்கும் இடமான தங்கா கிராயில், கிளந்தான் ஆறு 25 மீட்டரைத் தொட்டால் அபாய அளவு. அந்த வருடம் 34 மீட்டரையும் தாண்டியது. கெமுபுவில் ரயில் பாலமே அடித்துக்கொண்டு போனது. நான் கேட்பது இவ்வளவுதான்: கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, அப்பாவோ அம்மாவோ பிள்ளையோடு உட்கார்ந்து கைப்பேசியில் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை. மஞ்சள் என்றால் விழிப்பு, ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் ஆபத்து. இன்னொன்று, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ஆற்றுமட்டப் பக்கம். ஜெலி, தானா மேரா, கோலக்கிராய் மூன்றையும் பாருங்கள். ஆரஞ்சு தெரிந்தால் காடிச் சாவியை ஆணியில் மாட்டிவிடுங்கள்.

சாலையில் ஓடும் தண்ணீரைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அரை அடி தண்ணீர் சின்னக் காடியின் அடிப்பாகத்தைத் தொட்டுவிடும், கட்டுப்பாடு போகலாம். ஒரு அடி பல காடிகளைத் தூக்கிவிடும். இரண்டு அடி ஓடுகிற தண்ணீர் ஃபோர்வீலையும் இழுத்துச் செல்லும். முன்னால் போகிற லோரி கடந்துவிட்டது என்று நீங்கள் பின்னால் இறங்காதீர்கள். அந்த லோரியின் எடை வேறு, உயரம் வேறு.

போன வருடம் எங்கள் தாமானில் ஒரு தம்பி வந்தான். மறுநாள் காலை எட்டு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும்.

"மாமா, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிட்டா சரியா இருக்கும். வேலை முடிஞ்சு நேரா போயிடுறேன்" என்றான்.

"பகல் பூரா வேலை செஞ்சுட்டா?"

"ரெட் புல் குடிச்சுக்குவேன் மாமா."

அவன் அம்மா வாசலில் நின்று, "தாமதமானா தண்டனை குடுப்பாங்களாம் அண்ணே, அதான் பயமா இருக்கு" என்றார். எச்சரிக்கை வரைபடத்தில் ஜெலி ஆரஞ்சில் இருந்ததை அவருக்குக் காட்டினேன். கடிதத்தின் அடியில் முகாமின் தொலைபேசி எண் இருந்தது. பிள்ளையையே பேசச் சொன்னேன். அவன் தயங்கித் தயங்கி, பெயர், படை எண், ஊர், சாலை நிலைமை, எந்த பஸ், எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்று மலாயில் சொன்னான். மறுமுனையில் இருந்த சார்ஜன், "சரி, பஸ் ஏறியதும் ஒரு செய்தி அனுப்பு, தாமதமானால் உடனே சொல்" என்றார். அழைப்பு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. தம்பி மறுநாள் காலை பஸ்ஸில் போனான்.

ராணுவத்தில் விடுப்பின்றி வராமல் போவது 1972ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டப்படி குற்றம். அதில் சந்தேகமில்லை. அதனால்தான் சொல்கிறேன்: சொல்லாமல் தாமதிப்பதும், முன்கூட்டியே தகவல் கொடுத்து வழி கேட்பதும் ஒன்றல்ல. சாலை மூடியிருக்கிறது என்று மேலதிகாரிக்குத் தெரிவிப்பது கோழைத்தனமாகாது. போர்க்களத்திலும் சிப்பாய் நிலைமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லா முகாமும் ஒரே மாதிரி பதில் சொல்லும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த அழைப்பைச் செய்யாமல் மலை ஏறாதீர்கள். பேசியது யாரோடு, எத்தனை மணிக்கு என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். பஸ்ஸில் போவதானால் பகல் பயணமாகப் பாருங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இங்கிருந்து இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து கோத்தா பாருவுக்கு விமானம் ஏறலாம். சிம்பாங் பூலாய், கேமரன் மலை வழியாகக் குவா மூசாங் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் மலையை வெட்டிப் போட்ட சாலைதான், மழைக்கு அங்கேயும் மண் சரிகிறது.

எல்லாம் பார்த்து, காடியில்தான் போவது என்று முடிவானால், மேலே போவதா, நின்றுவிடுவதா என்று தீர்மானிக்கும் இடத்தையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அந்த இடம் கிரிக். விடியலில் கிளம்பி, கிரிக்கில் எண்ணெய் நிரப்பி, சாப்பிட்டு, சாலை திறந்திருக்கிறதா என்று அங்கே விசாரியுங்கள். பிற்பகல் ஒரு மணிக்குள் கிரிக்கைத் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே தங்குங்கள். மலைமேல் பல இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. அதனால் ஜெலி சேர்ந்ததும் வீட்டுக்குக் கூப்பிடுவது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் அதற்கு முன்னால் பத்துத் தடவை அழைத்து, ஓட்டுகிறவனின் கவனத்தைக் கலைக்க வேண்டாம்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். பயிற்சி முடிகிற நாளில் பிள்ளைகளின் உடம்பு பல நாள் தூக்கத்தை இழந்திருக்கும். வெளியே விட்டதும் பையைக் காடியில் போட்டு உடனே மலை ஏறத்தான் மனசு சொல்லும். வீட்டில் கறி சமைத்துக் காத்திருக்கிறோம் என்று நாமும் அவசரப்படுத்துகிறோம். அன்றிரவு கோத்தா பாருவில் ஒரு அறை எடுத்து நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் வெளிச்சத்தில் கிளம்பச் சொல்லுங்கள். அறைக்கான பணத்தைப் போகும்போதே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.