மழையோடு திறந்த பள்ளிக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம். நான் கிராம சுகாதாரச் செவிலியர். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் தாலுகாவில் பல ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். பள்ளி நாட்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நாகர்கோவில் வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது, எந்தப் பள்ளி நாட்கள் என்று யோசித்தேன். ஆரம்பப் பள்ளியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கல்லூரியைப் பற்றியும் பேசுகிறார்கள். நடுவில் கிடக்கிற எட்டு, ஒன்பது, பத்து ஆகிய வகுப்புகளை யாரும் ஆசையோடு பேசி நான் கேட்டதில்லை. கை கால் நீண்டு, குரல் மாறி, முகத்தில் பரு வந்து, எங்கே நின்றாலும் அடுத்தவருக்கு இடைஞ்சலாக நிற்பதுபோல் தோன்றுகிற வருஷங்கள் அவை. எனக்கு அவைதான் பிடித்த வருஷங்கள். ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

எங்கள் வீடு வேர்க்கிளம்பிப் பக்கம். அப்பா அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறிவிட்டால் ஒழுக்கு சீக்கிரம் நின்றுவிடும். வெட்டின இடத்தில் முந்தின நாளின் பால் நாடாபோல் காய்ந்து ஒட்டியிருக்கும். அதுதான் ஒட்டுப்பால். அதை உரித்துச் சேர்ப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. அதை விற்ற காசில்தான் எனக்கு நோட்டும் பேனாவும். பாலை எடுத்து, ஆசிட் கலந்து உறையவைத்து, மெஷினில் இழுத்து ஷீட்டாக்கி, புகையில் போட்டு உலர்த்துவார்கள். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். கையில் ஏறினால் சோப்பு போட்டாலும் லேசில் போகாது.

குளித்து, தலை பின்னி, பிச்சிப்பூ வைத்து தக்கலை பஸ்ஸில் ஏறுவேன். பக்கத்தில் இருக்கிறவள் முகத்தைத் திருப்பினால் அது என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கலாம். பதினான்கு வயதில் அப்படித் தோன்றாது.

இதைப் பிற்பாடு நர்சிங் படிக்கும்போது பாடமாகவே படித்தேன். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1967-இல் எழுதியது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகவே உணர்கிறார்கள், அப்படி ஒரு கூட்டம் உண்மையில் கிடையாது என்கிறார். வகுப்பில் அத்தனை பேருக்கும் அப்படித் தோன்றினால், பார்க்கிறவர் யார்? எங்கள் ஒன்பதாம் வகுப்பு அப்படித்தான் இருந்தது. எல்லாரும் ஒளிந்துகொண்டிருந்தோம், தேட ஆளில்லை.

உடம்பும் ஒத்துழைக்காது. பெண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் முந்தியே வந்துவிடும். அதனால்தான் அந்த வயதில் பெண்கள் நெடுநெடுவென்று நிற்க, பையன்கள் தோளுக்குக் கீழே நிற்பார்கள். வளரும்போது கையும் பாதமும்தான் முதலில் நீளும், உடம்பு பின்னால்தான் வந்து சேரும். ஆகவே தட்டி விழுவது, பாத்திரத்தை நழுவ விடுவது எல்லாம் அந்த வயதின் இயல்பு. எங்கள் வீட்டில் அதற்கு அம்மை சொல்லும் வார்த்தை வேறு: "கண்ணு எங்கிணெ இருக்கு பிள்ளே ஒனக்கு?" காலை வணக்கத்தில் உயரப்படி வரிசை. நான் எப்போதும் கடைசி. நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. தாவணி போட ஆரம்பித்த முதல் வாரம் ஊக்கு குத்தி இடுப்பில் கோடு கோடாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டால் அந்த வெள்ளைத் தாவணியோடு வகுப்பில் நுழைவதற்கே பயம்.

மழையைச் சொல்லாமல் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் மற்றப் பல இடங்களில் ஜூன் மாதம் என்றால் வெயில் மிச்சம் இருக்கும். இங்கே பள்ளிக்கூடம் திறப்பதும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் ஒன்றாக வரும். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தின் மேலேயே வழிந்து போகும். மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையிலும் வெட்டுகிற வழக்கம் அப்போது எங்கள் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் இல்லை. அதாவது, நோட்டு வாங்கவேண்டிய, யூனிஃபார்ம் தைக்கவேண்டிய அதே மாதத்தில் வீட்டில் வருமானம் நிற்கும். சாப்பாடு மரச்சீனிக்கிழங்கும் சம்மந்தித் துவையலும்தான். சில நாள் அதுவும் ராத்திரிக்கு மட்டும்.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 1984 செப்டம்பரில் அதைப் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். அதனால் நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது எங்களுக்கும் சோறு உண்டு. ஆனால் அஞ்சாம் கிளாஸ் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது வேறு, தாவணி போட்ட பெண் நிற்பது வேறு. அரசு உத்தரவில் அந்த வித்தியாசம் இருக்காது. எங்களுக்கு அதுதான் பெரிசாக இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிப் போனால் ஓட்டுத் தாழ்வாரத்தின் ஓரமாகச் சமையற்கட்டு. பையன்கள் விளையாடப் போனபிறகு போனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துப் போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என் வகுப்புதான். குளச்சல் பக்கம் கடற்கரையிலிருந்து வந்து விடுதியில்லாமல் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். அதுவரை நாங்கள் இரண்டு வார்த்தை பேசினதில்லை. அவள் முன் பெஞ்சு, நான் கடைசி. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றவள் என்னைப் பார்த்ததும் தட்டைத் தாவணிக்குள் மறைத்தாள். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவள்தான் கேட்டாள்: "ஒங்களுக்கும் தொழிலு இல்லியா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. மழைக்காலத்தில் கடலில் அலையடி பலமாகிவிடும். கட்டுமரம் இறக்க முடியாத நாட்கள் வரிசையாக வரும். ஒரே காற்று, ஒரே மேகம். கடற்கரையில் ஏறும்போது அவள் அப்பாவைக் கரையில் உட்கார வைக்கிறது. மலையைத் தொடும்போது என் அப்பாவைத் திண்ணையில் உட்கார வைக்கிறது. நம்முடைய மாவட்டத்தில் மலையும் வயலும் கடலும் ஒன்றுக்கொன்று எட்டின தூரத்தில் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வோம். அந்த நெருக்கத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்தச் சமையற்கட்டு வாசலில் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். தட்டை மறைப்பது நின்றுபோனது. தன் மேல் மீன் வாடை அடிக்கிறதா என்று அவள் ஒருநாள் கேட்டாள். என் மேல் ஒட்டுப்பால் வாடை அடிக்கிறதா என்று நானும் கேட்டேன். இரண்டு பேருக்கும் மற்றவள் வாடை தெரிந்ததில்லை என்பதுதான் உண்மை. தன் வாடை மட்டும்தான் அவரவருக்குத் தெரிந்தது.

மழை கொஞ்சம் ஒதுங்கியதும் ரப்பர் காய் வெடிக்கும் காலம். நடுப்பகல் வெயிலில் தோட்டத்தில் நின்றால் பட் பட் என்று சத்தம், கொட்டை தெறித்து விழும். புள்ளி புள்ளியாக அழகான கொட்டை. அதைச் சிமெண்டுத் தரையில் நாலு தேய் தேய்த்து அடுத்தவர் கையில் வைத்தால் சுட்டுவிடும். மலைப்பக்கத்துப் பையன்கள் இதைச் செய்யாத நாளில்லை. பெண்களிடம் பேச வாய் வராத பையன்கள் கொட்டையால் பேசினார்கள் என்று இப்போது நினைக்கிறேன். கடற்கரைக்காரிக்கு அந்த விளையாட்டு புதிசு. முதல் தடவை சுட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் அவளே இரண்டு கொட்டையோடு வந்தாள்.

பையன்களைப் பற்றியும் சொல்லவேண்டும், அவர்களுக்கு எங்களைவிடக் கஷ்டம். குரல்வளை பெரிதாகி, குரல் நாண் நீளும்போது குரல் நிலையாக நிற்காது. தமிழ்ப் பாடத்தில் செய்யுள் வாசிக்கச் சொன்னால், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையன் பாதியில் இரண்டு குரலில் வாசிப்பான். சிரிப்பு எழும்பும். எங்கள் தமிழாசிரியர் ஒரு காரியம் செய்தார். அந்த வருஷம் தனியாக யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை, வரிசை வரிசையாகச் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். எல்லாக் குரலும் கலந்து வரும். யார் குரல் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் இதை ஏன் செய்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் இன்று பள்ளிகளுக்குப் போய்ப் பேசும்போது அவரைத்தான் மனசில் வைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தக்கலையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணும் ஊட்டுப்புரையைப் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடற்கரைக்காரி காதில் மெதுவாகச் சொன்னாள்: "இங்கிணெயும் வரிசையிலதான் உண்டிருக்காவ பாத்துக்க." முற்றத்தில் ஒரு உருண்டைக் கல் இருக்கிறது. அதைத் தலைக்கு மேல் 101 தடவை தூக்கினவனைத்தான் மகாராஜாவின் படையில் சேர்த்தார்கள் என்று சொன்னார்கள். எங்கள் வகுப்புப் பையன்கள் அந்தக் கல்லைச் சுற்றி நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு நீண்டிருக்கும் பிள்ளைகள். ஒருவன் மற்றவனின் கையைப் பிடித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

பெண் பிள்ளைகளின் கஷ்டத்தில் ஒன்றை வானொலியில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும், என் வேலையே அது. அப்போது மாதவிலக்கு நாட்களில் எங்களுக்குத் துணிதான். சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்தே முதல் தடவை வந்தது. கணக்குப் பாடம் முடிந்து மணி அடித்தது, ஒரு பெண் மட்டும் எழும்பவில்லை. என்ன என்று யாரும் கேட்கவில்லை. பையன்கள் போகட்டும் என்று நாங்கள் பெஞ்சுகளிலேயே உட்கார்ந்துகொண்டோம். பிறகு அவளை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் ஒட்டி நடந்து, பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோனோம். அதில் சிலர் அவளோடு சண்டை போட்டு மாசக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றாடம் தெரிந்தவர்களுக்கு அடுத்தவள் வெட்கம் சொல்லாமலே புரிந்தது. இன்று புதுயுகம் திட்டத்தில் அரசே நாப்கின் கொடுக்கிறது. அதைக் கையில் வாங்கும் பிள்ளைகளின் முகத்தில் அந்த ஒன்பதாம் வகுப்பைப் பார்க்கிறேன்.

இந்த நிலையத்துக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு பந்தம் உண்டு. 1984 அக்டோபர் 30 அன்று, இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக இது தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. அதுவரை வானொலி என்றால் திருநெல்வேலி, திருவனந்தபுரம். எங்கள் பேச்சை நாகர்கோவில்காரர்களே கேலி செய்வார்கள், மலையாளம் கலந்த பேச்சு என்று. அதனால் பேச்சுப் போட்டி என்றாலே மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் பின்வாங்குவோம். அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, கருங்கல் என்று எங்கள் ஊர்ப் பெயர்கள் வானொலிப் பெட்டியிலிருந்து வந்தபோது அம்மை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அதற்கடுத்த வருஷம் நான் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். பரிசு ஒன்றும் இல்லை. மேடையில் ஏறி, முழுசாகப் பேசி, இறங்கினேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பத்தாம் வகுப்பு முடிவில் ஆட்டோகிராஃப் நோட்டு சுற்றும். கலர் கலரான தாள். பெண்கள் பக்கம் பக்கமாக எழுதுவோம். பையன்களிடம் நேரே நீட்ட முடியாது, யார் மூலமாவது போய், யார் மூலமாவது திரும்பி வரும். கடலோரத் தோழி எனக்கு எழுதியது ஒரே வரி: மழை வந்தா என்னை நினைச்சுக்கோ. ஒரு பையன் தன் தேர்வுப் பதிவு எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். வேறென்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதியிருப்பான். ரிசல்ட் வந்த அன்று பத்திரிகையில் என் எண்ணைப் பார்த்துவிட்டு அந்த எண்ணையும் தேடினேன். இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

தோழி கடலோரத்திலேயே வாழ்க்கைப்பட்டாள், இன்றும் இடவப்பாதி தொடங்கினால் போன் வரும். அவளும் நானும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் எங்கள் வகுப்புக்காரர்கள் கூடுகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். மீன் அவள் பொறுப்பு, கிழங்கு என் பொறுப்பு. 1987-இல் எங்களோடு பத்தாம் வகுப்பு எழுதினவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வந்துவிடுங்கள். ஆட்டோகிராஃப் நோட்டு வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள். பதிவு எண் எழுதினவரும் வரவேண்டும், அந்தத் தாளில் இடம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

நன்றி. வணக்கம்.