புயல் மாற்றிய கரையும் பனை நின்ற வரப்பும்

(பேராவூரணிப் பக்கம் நடந்த சுற்றுச்சூழல் கூட்டத்தில் பேசியது, கேட்ட நண்பர்கள் வற்புறுத்தியதால் எழுத்தில்.)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பணிகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வனத்துறை அலுவலர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டுப் போன புலவர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பி, வாசலில் நின்றுகொண்டே கேட்கும் பெரியவர்கள், முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்கள், எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா என்னைப் பற்றிச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான் உண்மை. மீதி அவருடைய பெருந்தன்மை. பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கோணி பனங்கொட்டை கொடுங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘இயற்கைச் சீற்றங்கள் நிலத்தையும் உயிர்ச்சூழலையும் எப்படி மாற்றுகின்றன’ என்பது. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, மண் மாறுவது. இரண்டு, காடும் உயிர்களும் மாறுவது. மூன்று, பாறை வெடித்து எரிமலை வந்து புதிய தீவுகள் பிறப்பது. நேரம் இருந்தால் நம் பழைய இலக்கியம் பேசும் கடல்கோளையும், அதாவது கடல் நிலத்தை விழுங்கிய கதையையும், தொட்டுவிடலாம்.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பது இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். பயணிகளோடு போன ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பன் பாலம் உடைந்தது. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவே இல்லை. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய ஊர், மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டது. இடிந்த தேவாலயமும் மணலும் மிஞ்சின. ஆனால் நாம் விட்டுப்போன இடத்தை மற்ற உயிர்கள் விடவில்லை. அந்த ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. 2025ல் தமிழக அரசு அதைப் பூநாரைகள் சரணாலயமாகவே அறிவித்தது. ஒரு துறைமுக ஊர் அறுபது ஆண்டில் பறவைகளின் ஊராகிவிட்டது.

2004 சுனாமி இன்னும் பெரிய கணக்கு. கடல் வந்தது, போனது என்று நாம் நினைக்கிறோம். நிக்கோபாரில் நிலமே இறங்கியது. பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியில் இந்திரா முனை இருக்கிறது. அங்கே தரை ஏறத்தாழ நாலேகால் மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. கரையோர அலையாத்திக் காடுகள் மூழ்கிச் செத்தன. அதே நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே நிலம் மேலே எழுந்தது. கடலுக்கு அடியில் இருந்த பவளப்பாறை வெயிலில் கிடந்து வெளுத்துச் செத்தது. ஒரே அசைவில் ஒரு முனையில் காடு தண்ணீரில் மூழ்கிச் செத்தது, மறுமுனையில் பவளம் தண்ணீர் இல்லாமல் செத்தது. மாமல்லபுரம் பக்கம் சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்துக் கல்வெட்டை வெளியே காட்டப்போய், தோண்டிப் பார்த்தால் பழைய முருகன் கோயில்! கடல் ஒரு பக்கம் எடுத்தது, ஒரு பக்கம் காட்டியது.

சரி, இதெல்லாம் தூரத்துக் கதை. நம்ம கதைக்கு வருகிறேன். கஜா புயல்.

2018 நவம்பர் 16, விடியுமுன். வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியது. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே நடந்துபோய், திண்டுக்கல்லையும் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. மறுநாள் வேதாரண்யம் கரையோரம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை மணல் இருந்த இடத்தில் கன்னங்கரேல் என்று சேறு. கடல் தன் அடிவயிற்றுக் களிமண்ணை அள்ளிக் கரையில் அப்பிவிட்டுப் போயிருந்தது. காலை வைத்தால் முழங்கால் வரை போகும். படகை இறக்க வழியில்லை. காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது, ஓரங்கள் சுருண்டு நின்றன.

கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் செத்தன. சிலவற்றின் உடல்கள் காரைக்கால் வரை கரை ஒதுங்கின. முத்துப்பேட்டை அலையாத்தியில் பச்சை என்று சொல்லக் கொஞ்சமே மிஞ்சியது. கோடியக்கரையின் பழைய மரங்கள், பாலை போன்றவை, சாய்ந்த இடத்தில் வெளிச்சம் விழுகிறது. வெளிச்சம் விழுந்த இடத்தில் முதலில் முளைப்பது யார்? நம்ம ஊர் அழையா விருந்தாளி சீமைக்கருவேலம். புயல் ஒரே இரவில் போய்விடுகிறது. அது திறந்துவிட்ட இடத்தில் யார் குடியேறுகிறார்கள் என்பதில்தான் அடுத்த ஐம்பது ஆண்டு இருக்கிறது. வனத்துறை அலுவலர் தலையாட்டுகிறார், நன்றி ஐயா.

இனி, தென்னை. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் மதகையும் பார்த்துச் சலித்து, நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிய சனம் நாம். பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வரை பஸ்ஸில் போனால் வெயிலே தெரியாது. அந்த ஒரு ராத்திரியில் இலட்சக்கணக்கான மரங்கள். நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய், அதில் வெட்டி அப்புறப்படுத்த 500. விழுந்த மரத்தைச் சீக்கிரம் அகற்றாவிட்டால் இன்னொரு தொல்லை: மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பொரித்து வளர்ந்த வண்டு, தப்பி நிற்கும் மரத்தின் குருத்தைத் துளைக்கும். புயல் கொன்றது பாதி, புயல் விட்டுப்போன குப்பை கொன்றது மீதி.

நம்ம பக்கம் ஒரு சொலவடை உண்டு, சேர்ந்து சொல்லுங்கள்: தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான். பனை காய்க்கப் பதினைந்து இருபது வருடம் ஆகும், வைத்தவனுக்குப் பலன் இல்லை, ஆகவே வைக்காதே என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். கஜாவுக்குப் பிறகு எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. எப்படி என்று ஒரு கதை சொல்கிறேன். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர். ஊர் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், சிரிக்கிறார்கள் பாருங்கள். மாமன், மச்சான் இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்துத் தோப்பு. நடுவில் ஒரு வரப்பு, வரப்பில் வரிசையாக ஏழு பனை. பனை என்னுது என்பார் மாமன். நிழல் என் தோப்பில் விழுது, அதனால் என்னுது என்பார் மச்சான். ஒருவர் நுங்கு வெட்டினால் மற்றவர் பஞ்சாயத்தைக் கூட்டுவார். பஞ்சாயத்து முடிந்து வழக்கு கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று தடை உத்தரவு. செங்கல் சூளைக்காரர் லாரியோடு வந்து, “மரத்துக்கு இவ்வளவு தரேன், ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்குங்க” என்று ஆசை காட்டினார். மாமன் சொன்னார்: “அவனுக்குப் பாதி போறதுக்கு, மரம் நிக்கட்டும்யா!” மச்சானும் அதையேதான் சொன்னார். இப்படி இரண்டு தலைமுறை. வீட்டில் கல்யாணம் காதுகுத்து எதற்கும் இவர் போனால் அவர் போகமாட்டார். பெண்கள் மட்டும் கொல்லைப்புறமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

கஜா வந்தது. விடிந்து பார்த்தால் இரண்டு தோப்பும் ஒரே தோப்பு. இவருடைய மரம் அங்கே தலை வைத்துக் கிடக்கிறது, அவருடைய மரம் இங்கே வேரோடு புரண்டு கிடக்கிறது. வரப்பு எங்கே, வாய்க்கால் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. கணக்கெடுக்கக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எந்த மரம் யாருடையது என்று எழுதினால்தானே பணம்? அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவை அந்த ஏழு பனை மட்டும்தான். நேர்கோடாக! “சரி, பனைக்குக் கிழக்கே ஒருத்தர், பனைக்கு மேற்கே ஒருத்தர்” என்று எழுதி முடித்தார்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். கரண்டு இல்லை, கூரை இல்லை, தோப்பில் நிழலுக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை. மாமனும் மச்சானும் வேறு வழியில்லாமல் ஒரே பனையடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். அரைமணி நேரம் பேச்சே இல்லை. கடைசியில் மச்சான் திரும்பாமலே கேட்டார்: “மாமா, வெத்தலை இருக்கா?” மாமன் பொட்டலத்தைப் பின்பக்கமாக நீட்டினார். “வெத்தலை இருக்கு. சுண்ணாம்பு உன்கிட்டதான் இருக்கும், எடு.”

கைதட்டுங்கள், ஆனால் எனக்கு வேண்டாம், அந்த ஏழு மரத்துக்குத் தட்டுங்கள். வழக்கு இன்னும் நடக்கிறது என்று கேள்வி. நடக்கட்டும், தடை உத்தரவு நீடிக்கட்டும்!

பனை ஏன் நின்றது? மாயமான காரணம் எதுவும் இல்லை. தண்டு இரும்பு. விசிறி ஓலை குட்டை, காற்றுக்குப் பிடி கொடுக்காது. தென்னைக்கு உச்சியில் நீள மட்டைகளும் குலை குலையாகக் காயும். பாசன நிலத்தில் தண்ணீர் மேலேயே கிடைப்பதால் வேரும் ஆழம் தேடிப் போவதில்லை. பனங்கொட்டை முளைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இலையை வெளியே காட்டுவதற்கு முன்னால் முளையைக் கீழே இறக்கும். அந்த முளையைத்தான் தையில் தோண்டி அவித்துத் தின்கிறோம், பனங்கிழங்கு என்று. அது மண்ணுக்குள் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே எட்டிப் பார்க்கும். வடலியாகவே, அதாவது இளம் பனையாகவே, பல வருடம் தரையோடு நிற்கும். நமக்குத்தான் பொறுமை இல்லை. பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்றால், புயலுக்குப் பிறகும் அது நிற்பதைப் பார்த்துவிட்டுச் சாவான் என்றுதான் எனக்கு இப்போது கேட்கிறது.

இதே வட்டாரத்தில் இன்னொரு சான்று, நாலுவேதபதி. 2002ல் ஒரே நாளில் 80,244 கன்று நட்டுக் கின்னஸில் ஏறிய ஊர். இரண்டு வருடத்தில் சுனாமி. அந்த மரங்கள் இளசுகள்தான், ஆனாலும் அலையின் வேகத்தைத் தணித்தன. கடலூர்ப் பக்கம் அலையாத்தியும் மரங்களும் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் சேதம் குறைந்து தப்பின என்று ஆய்வே வந்திருக்கிறது. ஆகவே மரம் போதும், கருங்கல் எதற்கு? கடலரிப்பு என்றால் உடனே லாரியில் கல்லைக் கொட்டுகிறோம். கல் கொட்டிய இடத்துக்கு அடுத்த ஊரில் கரை அரிக்கிறது, அங்கேயும் கொட்டுகிறோம். கல் குவாரிக்காரருக்கு மட்டும் எந்தச் சீற்றமும் இல்லை.

ஒரு நண்பர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: ‘எல்லா இடத்திலும் பனையா?’ நல்ல கேள்வி. அலையாத்திச் சேற்றில் பனை வைக்கச் சொல்லவில்லை. அங்கே அலையாத்திதான், வாய்க்காலைத் தூர் வாரி உப்புநீரும் நன்னீரும் போய்வர விட்டால் போதும். கடலை ஒட்டிய மணல்மேட்டில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படரட்டும், சமன் செய்கிறோம் என்று பொக்லைனை விடாதீர்கள். அதற்குப் பின்னால், ஏரிக்கரை, குளத்துக்கரை, வாய்க்கால் கரை, தோப்பின் வரப்பு, சுடுகாட்டு ஓரம், இங்கெல்லாம் பனை. தமிழகக் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று கணக்கு. நம்ம பங்கு என்ன என்று மட்டும் பாருங்கள்.

சட்டமும் நம் பக்கம். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களிடம் மேடையிலேயே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன்: நூறு நாள் வேலையில் கரையைச் சுரண்டும்போது வடலியைக் களை என்று வெட்டிவிடுகிறார்கள். வடலி எது என்று அடையாளம் காட்ட ஒரு ஆளை நிறுத்துங்கள். தலைவர் சரி என்று சொல்லிவிட்டார், எல்லோரும் சாட்சி.

மணி அடித்துவிட்டார்கள். எரிமலையும் கடல்கோளும் இன்னொரு மேடைக்கு. புலவர் ஐயா கடல்கோளைப் பேசினால் என்னைவிட நன்றாகவே பேசுவார்.

இது புரட்டாசி. பழம் விழும் காலம், கொட்டை ஊன்றும் காலம். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான் என்று யாராவது தொடங்கினால், வீட்டில் தென்னையும் இருக்கட்டும், வரப்பில் பனையும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். வாசலில் நாலு கோணி பனங்கொட்டை வைத்திருக்கிறோம், ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி குழி, இரண்டு ஆள் நீளம் இடைவெளி, மூடிவிட்டு மாடு மிதிக்காமல் நாலு முள் போட்டால் போதும். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெரியகுளத்துக் கரையில் கூடுகிறோம். மாணவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். கடப்பாரை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், போன முறை மூன்றுதான் இருந்தது. நன்றி, வணக்கம்.