மூன்று கோட்டேஷன், ஒரு கிளிப்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் அடித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மாநில எல்லையிலுள்ள வாளையாருக்கு அந்தப் பக்கம், கோவையில் இருக்கிறார்கள். சிறிய பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் கோட்டேஷன் எங்கள் மேசையில் என்ன பாடுபடுகிறது என்று சொல்கிறேன்.

புது மாடல் கார் ஒன்று வரப்போகிறது. கதவு உள்பலகையைப் பிடித்துக்கொள்ளும் நைலான் கிளிப் வேண்டும். மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். ஒருவர் மோல்டுக்கு, அதாவது பாகத்தை வார்க்கும் அச்சுக்கு, 12 லட்சம், பாகத்துக்கு 8 ரூபாய் என்கிறார். இன்னொருவர் மோல்டு 6 லட்சம், பாகம் 11 ரூபாய் என்கிறார். மூன்றாமவர் மோல்டு விலையே எழுதாமல் பாகம் 14 ரூபாய் என்று மட்டும் அனுப்புகிறார். எது மலிவு? எத்தனை பாகம் வாங்கப்போகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. முதல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் வித்தியாசத்தை 3 ரூபாயால் வகுத்தால் 2 லட்சம் பாகம். அதைத் தாண்டினால் முதலாமவர் லாபம், தாண்டாவிட்டால் இரண்டாமவர். கார் ஓடுமா ஓடாதா என்று தெரியாத தொடக்க மாதங்களில் இந்த 2 லட்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்றாமவரிடம் வேறு கேள்வி: மோல்டு யாருடையது? அவருடையது என்றால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் நாம் வெறுங்கையோடு நிற்போம்.

2017 ஜூலைக்கு முன்னால் இன்னொரு சங்கடம் இருந்தது. கோவையிலிருந்து வாங்கினால் வரிச் சலுகைக்கான சி படிவம் கொடுத்தும் 2 சதவீத மத்திய விற்பனை வரி கட்ட வேண்டும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. லாரி வேறு வாளையார் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும். கேரளத்துக்காரரின் விலையோடு ஒப்பிடும்போது இதையெல்லாம் கூட்டிப் பார்ப்போம். இப்போது ஜிஎஸ்டியை வரவு வைத்துக்கொள்ளலாம், அதனால் வரி நீக்கிய விலையைத்தான் ஒப்பிட வேண்டும். சிலர் வரியோடு எழுதுகிறார்கள், சிலர் வரி இல்லாமல் எழுதுகிறார்கள். தயவுசெய்து தெளிவாக எழுதுங்கள்.

ஒருமுறை நான் ஏமாந்தேன். யார் என்று சொல்ல மாட்டேன். விலை குறைவு என்று ஆர்டர் கொடுத்தேன். வந்த கிளிப்களைப் பலகையில் அழுத்தினால் பொட்டுப் பொட்டென்று உடைந்தன. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூலப்பொருளான நைலான் குருணையை உலர்த்தாமல் மெஷினில் போட்டால் பாகம் பலமிழந்துவிடும். அவர் உலர்த்தவில்லை. மற்ற இருவரும் உலர்த்துவதற்கான மின்செலவைத் தனியாக எழுதியிருந்தார்கள், அதை வீண் செலவு என்று நினைத்தவன் நான்தான். அப்புறம் மோல்டைத் திருத்த ஒவ்வொரு தடவையும் தனி பில் வேறு வந்தது. முதல் ட்ரையலுக்குப் பின் எத்தனை திருத்தம் இலவசம் என்று நான் கேட்டிருக்கவே இல்லை.

இப்போது விலை கேட்கும் கடிதத்திலேயே எல்லாருக்கும் ஒரே கேள்விகளை அனுப்புகிறேன். மோல்டில் எத்தனை கேவிட்டி, அதாவது பாகம் உருவாகும் குழி, மோல்டுக்கு என்ன எஃகு, ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை அடிக்க, எத்தனை வினாடி, பிளாஸ்டிக் ஓடிவரும் வழியில் உறைந்துபோகும் ரன்னர் கழிவு யார் கணக்கில், அரைத்த பழைய பிளாஸ்டிக் கலப்பீர்களா. பதில் எழுதாமல் விட்ட இடத்தை நான் முதலில் பார்க்கிறேன்.

போன மாதம் கோவைக்காரர் ஒருவர் விலை சொல்வதற்கு முன்னால் என்னைத் திருப்பிக் கேட்டார்: “சார், இந்தப் பாகத்தோட சுவர் எதுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன்? 2.5 வெச்சு உள்ளே ரிப் போட்டா போதாதுங்களா?” ரிப் என்றால் பலத்துக்காக வைக்கும் மெல்லிய விலா. ஒரு பாகம் குளிரும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 மில்லிமீட்டரை 2.5 ஆக்கினால் அந்த நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். பிளாஸ்டிக்கும் மிச்சம். எங்கள் வடிவமைப்பாளர் வரைபடத்தை மாற்றிக் கொடுத்தார். அந்தக் கோவைக்காரரின் விலை மூவரில் நடுவில்தான் இருந்தது. ஆர்டர் அவருக்குத்தான். அடுத்த வாரம் முதல் ட்ரையல், நானே வாளையார் தாண்டிப் போய்ப் பார்க்கப்போகிறேன். வணக்கம்.