பாட்டி பேக்கிங் பவுடரை எழுத மறந்துவிட்டாரா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். பாட்டி கைப்பட எழுதிய கேக் குறிப்பு ஒன்று ஒரு வாசகரிடம் இருக்கிறது. வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை நான்கும் சம எடை, "மிதமான சூட்டில் வேகவிடவும்", அவ்வளவுதான் எழுதியிருக்கிறதாம். பேக்கிங் பவுடர் என்ற பேச்சே இல்லை, செய்தால் கல் மாதிரி வருகிறது, பாட்டி எழுத மறந்துவிட்டாரா, நான் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

மறக்கவில்லைங்க. இது பவுண்ட் கேக். நான்கும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், அதனால்தான் அந்தப் பெயர். ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் பேக்கிங் பவுடர் செய்ததே 1843-ல்தான், இந்தக் கேக் அதற்கும் முந்தையது. 1747-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு சமையல் புத்தகம், கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ இந்த மாவை ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறது! கேக்கை எழுப்பியது அந்த அடிதான். சர்க்கரைப் பரலின் முனைகள் வெண்ணெய்க்குள் புகுந்து புகுந்து காற்றை அடைக்கும், ஓவனில் அந்தக் காற்றும் ஆவியும் விரிந்து கேக் எழும்பும். உங்கள் பாட்டிக்கு இது கைப்பழக்கம். தனக்காக எழுதி வைத்த தாளில் இதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள், சொல்லுங்கள்?

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வெண்ணெயைத்தான். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. 18 முதல் 20 டிகிரி இருந்தால் சரி. உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது, அப்புறம் என்ன அடித்தும் வீண். சர்க்கரையைப் பொடிக்காதீர்கள், சன்னமான பரலாகவே போடுங்கள். மஞ்சள் நிறம் வெளுத்து, கிண்ணத்தில் இருப்பது கண்ணுக்கே கூடுதலாகத் தெரிந்து, கரண்டியிலிருந்து பொத்தென்று விழும் வரை அடியுங்கள். அடிக்கிற மின்கருவி (பீட்டர்) இருந்தாலும் ஐந்தாறு நிமிடம் பிடிக்கும், நிறைய பேர் ஒரே நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியுங்கள், திரிகிற மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி மைதா தூவுங்கள், சேர்ந்துவிடும். எண்ணிக்கையைப் பார்க்காமல் ஓட்டை நீக்கி எடை போடுங்கள். முட்டை ஒரே அளவிலா வருகிறது? மைதா போட்ட பிறகு மட்டும் அடிக்காதீர்கள், மெதுவாகக் கலந்தால் போதும், இல்லையென்றால் கேக் இறுகிவிடும்.

பேக்கிங் பவுடர் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம், 250 கிராம் மைதாவுக்கு அரை டீஸ்பூன். ஆனால் அது புதிதாகக் குமிழி உண்டாக்காது, நீங்கள் அடித்து அடைத்த குமிழியைத்தான் பெரிதாக்கும். அடிக்காமல் பவுடரை நம்பினால் பலன் இல்லை.

மிதமான சூடு என்பது அந்தக் காலத்துக் கணக்கு, ஏறத்தாழ 180 டிகிரி. இந்தக் கேக் கனமானது என்பதால் நான் 160-170 தான் வைப்பேன், விசிறி ஓடும் ஓவன் என்றால் இன்னும் 20 குறையுங்கள். முதல் முக்கால் மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம். மேலே நடுவில் நீளமாக வெடிக்கும், பயப்படாதீர்கள், இந்தக் கேக் அப்படித்தான் வரும்.