நியூயார்க்கின் ஒண்டுக்குடித்தனங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 1880இல் ஏறத்தாழ 11.6 லட்சம் பேர் இருந்தார்கள். முப்பதே ஆண்டுகளில், 1910இல், அது 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்று அங்கே எத்தனையோ வானுயர்ந்த கட்டடங்கள் இருந்தும் அத்தனை பேர் வசிப்பதில்லை. அப்படியானால் அன்றைக்கு எவ்வளவு நெருக்கம் இருந்திருக்கும் என்று பாருங்கள்.

இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களில் பலர் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகளும், 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் தங்கள்மீது நடந்த தாக்குதல்களுக்குப் பயந்து வெளியேறிய யூதர்களும். 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுச் சோதனை நிலையம் வழியாக 1907ஆம் ஆண்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே வந்தார்கள். மேற்கே போய் நிலம் வாங்கி உழ இவர்களிடம் பணம் ஏது? வேலையும், முன்னாலேயே வந்துவிட்ட ஊர்க்காரர்களும் இருந்த இடத்தில்தானே தங்க முடியும்? அந்த இடம் நகரம்.

வந்தவர்களுக்கு நகரம் வாழ்வு கொடுத்தது என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அது பாதிதான் உண்மை. மனிதர் வாழத்தக்க இடமாக அந்த நகரத்தை மாற்றியதில் வந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த உரை.

வந்தவர்கள் நெருக்கமாகக் குடியிருந்த, மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஒரு மனை பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம். அதில் ஐந்து ஆறு மாடிகள், ஒவ்வொரு மாடியிலும் நான்கு குடித்தனங்கள். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்று 1879இல் சட்டம் வந்தது. கட்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டடத்தை உடுக்கை போல நடுவில் ஒடுக்கி, பக்கத்துக் கட்டடத்தோடு சேர்ந்து ஒரு குறுகிய இடுக்கு விட்டார்கள். ஜன்னல் வந்துவிட்டது, காற்று வரவில்லை. குப்பை அந்த இடுக்கில்தான் விழுந்தது. தீப்பிடித்தால் புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுத்ததும் அந்த இடுக்குதான். வீட்டுக்கு வீடு கழிப்பறை, சரியான முற்றம் என்பதெல்லாம் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தன, அதுவும் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு.

அந்த அறைகளே பட்டறைகளாகவும் இருந்தன. ஒப்பந்தக்காரர் வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். குடும்பமே உட்கார்ந்து தைக்கும், பொத்தான் வைக்கும். கூலி பீஸ் கணக்கில். இப்படிப்பட்ட வீடுகளில் சுருட்டு சுற்றுவதைத் தடுத்த ஒரு சட்டத்தை 1885இல் நியூயார்க் மேல்நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டின் புனிதமான சூழலிலிருந்து தொழிலாளியை வெளியேற்றினால் அவர் உடல்நலம் எப்படி மேம்படும் என்பது நீதிபதிகளின் கேள்வி. புகையிலைத் தூளுக்கு நடுவே உண்டு உறங்கிய குடும்பங்களை நினைத்தால் அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் தையல் வேலை மெல்ல மெல்லப் பெரிய கட்டடங்களின் மேல்தளங்களுக்குப் போனது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 1909 நவம்பரில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் நடந்த தையல் தொழிலாளர் கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தபோது, உக்ரைனில் பிறந்த கிளாரா லெம்லிச் என்ற இளம்பெண் எழுந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில், பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்றார். சுமார் 20,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். பல சிறு முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். ட்ரையாங்கிள் ரவிக்கைத் தொழிற்சாலையின் முதலாளிகள் கடைசிவரை சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். அந்தத் தொழிற்சாலையின் எட்டாவது மாடியில் வெட்டுத்துணிக் குவியலில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. வெளிப்புறத் தீத்தப்பிப்பு ஏணி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், அவர்களில் 123 பேர் பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று நடுவர் குழு அவர்களை விடுதலை செய்தது.

ஆனால் தொழிலாளர்கள் அதோடு விடவில்லை. ஏப்ரல் 5 அன்று கொட்டும் மழையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் துக்க ஊர்வலம் போனார்கள். மாநில அரசு தொழிற்சாலை விசாரணைக் குழுவை அமைத்தது. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது, தீப்பயிற்சி நடத்த வேண்டும், தானியங்கி நீர்த்தெளிப்பான் வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய இருவரும் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆல் ஸ்மித், லோயர் ஈஸ்ட் சைடிலேயே வளர்ந்தவர். ராபர்ட் வாக்னர், ஜெர்மனியில் பிறந்து சிறுவனாகக் கப்பலில் வந்தவர்.

1924இல் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்து, இத்தாலியர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் அமெரிக்கா பெருமளவு தடுத்துவிட்டது. அதற்குள் வாக்னர் போன்றவர்கள் அரசியலில் ஊன்றிவிட்டார்கள். தனியார் துறையில் சங்கம் அமைத்துக் கூட்டுப்பேரம் பேசும் உரிமையைத் தொழிலாளருக்கு உறுதிசெய்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பெயரால் வாக்னர் சட்டம் என்றே வழங்குகிறது. வணக்கம்.