பில் கட்டியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஆங்கிலேயர் ஆட்சி சிங்கப்பூருக்குத் தந்தது அதிகமா, எடுத்தது அதிகமா என்பது தலைப்பு. எடுத்ததே அதிகம் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் துறைமுகம், சாலை, கட்டடம், சட்டம் என்று பட்டியல் வாசித்தார், கைதட்டலும் வாங்கினார். நான் கேட்பது ஒன்றுதான்: இத்தனைக்கும் பில் கட்டியது யார்?

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் வந்தார், வரியில்லாத் துறைமுகம் என்றார். வணிகர்களுக்குக் கொண்டாட்டம். சரி, அரசாங்கம் நடக்கப் பணம் வேண்டாமா? சுங்க வரி கிடையாது. நிலையான வருமான வரி 1948இல்தான் வந்தது. அதற்கு முன்பு அந்தப் பேச்சை எடுத்தாலே பெரிய வணிகர்கள் கொதித்தார்கள். அப்புறம் பணம் எங்கிருந்து வந்தது? அபின் ஐயா, அபின்! அபின் விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. 1910 முதல் குத்தகைக்காரரை ஒதுக்கிவிட்டுத் தானே விற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அரசு வருவாயில் ஏறக்குறையப் பாதி அபின் பணம்தான். அதை வாங்கிப் புகைத்தது யார்? பெரும்பாலும் ரிக்‌ஷா இழுத்த, மூட்டை தூக்கிய சீனக் கூலிகள். முதுகுவலிக்கு அபின், அபினுக்குக் கடன், கடனை அடைக்க மறுபடியும் மூட்டை. நம்மாட்களை மட்டும் விட்டார்களா? அவர்களுக்கு அரசாங்கமே கள்ளுக்கடை வைத்தது. நம் பர்ஸிலிருந்து எடுத்து நமக்கே விருந்து வைத்தவரைத்தான் எதிரணி வள்ளல் என்கிறது.

கட்டடம் என்றார்கள். 1825 முதல் இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் அன்று ஆளுநர் மாளிகையாக இருந்த இஸ்தானாவையும் எழுப்பியது அவர்கள் கைதான். அந்தத் தேவாலயத்தின் உட்சுவரைப் போய்ப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்துப் பூசி, கண்ணாடிபோல் தேய்த்திருக்கிறார்கள். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பேர். லண்டனிலிருந்து கப்பலேறி வந்த வித்தையில்லை அது!

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றார் எதிரணி அம்மையார். 1904இல் ஆட்சிப் பணிக்கு ஒரு விதி வந்தது: தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தூய ஐரோப்பிய வம்சமாக இருந்தால்தான் உயர்பதவி. ஆங்கிலம் தந்தார்களே என்றால், தந்தார்கள், மறுக்கவில்லை, ஆனால் குமாஸ்தா நாற்காலி வரைக்கும்தான்.

மிச்சம் இருப்பது பாதுகாப்பு. அசைக்க முடியாத கோட்டை என்று பறைசாற்றிய ஊர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி, இனி ஜப்பானியர் சொல்படி நடங்கள் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஒப்படைத்துவிட்டுப் போனார். பஞ்சாபிலிருந்தும் வேறெங்கிருந்தெல்லாமோ இந்தக் கோட்டைக்காகச் சண்டைபோட வந்தவர்கள் அவர்கள்.

அடுத்து வரும் எதிரணித் தம்பி பாதுகாப்பைப் பற்றித்தான் பேசப்போகிறாராம். ஃபேரர் பார்க் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை தம்பி. அந்த 40,000 பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.